நான்கு அலுவலகங்களின் வேவுப் படங்களை ஒரே கேட்லாக்கில் சேர்த்த கதை

முதல் கூட்டத்தில் அங்கிள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. "தம்பி, கேட்டோ மேனர்ல எங்க ஆயா வீடு இருந்துச்சு. அதுக்கு மேல யாராவது பிளேன்ல போயி போட்டோ புடிச்சிருந்தா உங்க கம்ப்யூட்டர் காட்டுமா?" என்றார். காட்டும் என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

கேட்டோ மேனர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பகுதி; ஆயா என்றால் இங்கே பாட்டி. டர்பனில் வயதில் மூத்தவர்கள் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டிதான். இந்த அங்கிளின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆனால் 1940-களின் ஃபிலிம் பதிவேட்டில் பென்சிலால் கிறுக்கியதைப் படிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. ஓய்வு பெறும்வரை ஃபிலிம் கழுவும் இருட்டறையில் இருந்தவர். நான் மதுரையிலிருந்து வந்த ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபட ஆள், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக உள்ளே நுழைந்தேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த வேவுப் படங்கள் நான்கு இடங்களில் கிடந்தன. ராணுவத் தரப்பில் ஒரு கிடங்கு, வரைபட வேலை செய்யும் ஓர் அலுவலகம், ஒரு பல்கலைக்கழக நூலகம், ஒரு சின்ன அருங்காட்சியகம். ஒரே படத்தின் நகல் மூன்று இடங்களில் மூன்று பெயரில் இருக்கும். இதையெல்லாம் ஒரே முறையில் ஸ்கேன் செய்து, ஒரே முறையில் விவரம் எழுதி, ஒருவர் கேட்டால் மற்றவர் கொடுக்கும்படி ஆக்க வேண்டும். ஆறு மாத வேலை என்றார்கள்.

முதல் சண்டை கோப்பு வடிவத்தில். ராணுவத் தரப்பு என்ஐடிஎஃப் வேண்டும் என்றது. அமெரிக்க ராணுவப் படங்களுக்காக வந்த வடிவம் அது. அதன் நேட்டோ வடிவம்தான் என்எஸ்ஐஎஃப். கோப்பின் முதல் ஒன்பது எழுத்துகளைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்கா நேட்டோவில் இல்லையே, நமக்கெதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வரைபடக்காரர்கள் படத்தோடு அது பூமியில் எந்த இடம் என்பதையும் சேர்த்து வைக்கும் ஜியோடிஃப் என்றார்கள், நூலகம் வெறும் படம் மட்டும் உள்ள டிஃப் போதும் என்றது, அருங்காட்சியகம் ஜேபெக்கை மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று கூட்டம் இதிலேயே போனது. உண்மையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. சுருக்காத டிஃப்பை மூலமாக வைத்துக்கொண்டால், யாருக்கு எது வேண்டுமோ அதை ஜிடால் போன்ற இலவச மென்பொருளில் ஒரு வரிக் கட்டளையில் மாற்றிக் கொடுத்துவிடலாம். விவரங்களுக்கு மட்டும் நாட்டின் சொந்தத் தரமான எஸ்ஏஎன்எஸ் 1878 என்று முடிவானது. அது ஐஎஸ்ஓ 19115 என்ற உலகத் தரத்தை ஒட்டியது, அதனால் வெளிநாட்டுக்காரர்களோடும் பேச முடியும்.

அடுத்த குளறுபடிக்கு நானே காரணம். ஸ்கேனரில் கறுப்பு ஓரத்தைத் தானாக வெட்டும் வசதியை ஆன் செய்துவிட்டேன். படங்கள் சுத்தமாக, அழகாக வந்தன. நாலாவது நாள் அங்கிள் வந்து பார்த்தார். "தம்பி, தலையெழுத்த வெட்டிட்டியே" என்றார். அந்தக் காலத்து வேவுப் படத்தின் ஓரத்தில்தான் பிரேம் எண், பறப்பு எண், ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), தேதி, லென்ஸின் குவிய தூரம் எல்லாம் எழுதியிருக்கும். அது போனால் அந்தப் படம் எங்கோ இருக்கும் ஒரு வயல்வெளி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்தோம். டர்பன் ஈரக்காற்றில் சில ஃபிலிம் சுருள்கள் ஏற்கெனவே வினிகர் வாசனை அடிக்க ஆரம்பித்திருந்தன, ஃபிலிம் சிதைகிறது என்பதற்கு அது அடையாளம். அவற்றைத் திரும்பத் திரும்ப விரித்து இழுக்கக் கூடாது என்று தெரிந்தும் இழுக்க வேண்டியதாயிற்று. இன்னும் மனசு உறுத்துகிறது. நடுவில் லோட்ஷெட்டிங் வேறு. கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும், திறந்தால் மேல்பாதி மட்டும் படம். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு முழுசாக, மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) போட்டு, அது ஒத்துப்போனால் மட்டுமே அடுத்த அலுவலகம் வாங்கிக்கொள்ளும் என்று விதி வைத்தோம்.

நேரம் இன்னொரு தலைவலி. ஒரு பதிவேட்டில் மணிக்குப் பின்னால் 'இசட்' இருக்கும், இன்னொன்றில் 'பி'. அதை யாரோ கேமராவின் எண் என்று நினைத்து வேறு கட்டத்தில் போட்டிருந்தார்கள். ராணுவ வழக்கில் இசட் என்றால் கிரீனிச் நேரம், பி என்றால் அதைவிட இரண்டு மணி நேரம் கூடுதல், அதாவது நம் தென்னாப்பிரிக்க நேரம். எழுத்தே இல்லாத பதிவேடுகளில் இன்னும் மோசம். 1942, 1943 இரண்டு வருடமும் செப்டம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அடுத்த மார்ச்சில் திருப்பி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்த படங்களில் புகைபோக்கியின் நிழலை அளந்து நேரத்தைச் சரிபார்த்தோம். நிழல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியில் எடுத்த படத்தை வடக்கு மேலே இருக்கும்படி வைத்தால், நிழல் வடக்கே, நம்மை விட்டு விலகி விழுவதால், மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும். டர்பன் படங்களில் நிழல் தெற்கே, நம் பக்கமாக விழுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்கேன் செய்த பையன்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியட்டும் என்று இத்தாலிப் படங்களைத் தலைகீழாகத் திருப்பிச் சேமித்திருந்தார்கள்.

சரி, ரகசிய முத்திரைக்கு வருவோம். என் தலைமுடி கொட்டியது இதில்தான். என்ஐடிஎஃப் கோப்பின் தலையிலேயே ரகசிய நிலைக்கு ஓர் எழுத்துக்கான இடம் உண்டு. ஸ்கேன் செய்தவர்கள் படத்தில் இருந்த பழைய 'சீக்ரெட்' முத்திரையைப் பார்த்து அதையே அங்கே போட்டார்கள். வாங்கிய அலுவலகத்தின் கணினி அதை இன்றைய ரகசியமாக எடுத்துக்கொண்டு மொத்தச் சுருளையும் பூட்டிவிட்டது. எண்பது வருடத்துக்கு முந்தைய கடற்கரைப் படத்தைப் பார்க்க, படத்தைக் கொடுத்தவர்களுக்கே அனுமதி இல்லை. முத்திரை குத்தியவர்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. குத்திய தலைமையகம் போர் முடிந்ததோடு கலைந்துவிட்டது. கடிதம் போனது, வந்தது, மறுபடி போனது. கடைசியில் இரண்டு கட்டங்கள் வைத்தோம்: ஒன்று படத்தில் இருக்கும் முத்திரை, மற்றொன்று இன்றைய நிலை. இரண்டாவதில் யார், எந்தத் தேதியில் முடிவு செய்தார் என்று கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கோப்பே சேமிக்காது.

இதெல்லாம் முடிந்தும் அங்கிளின் கேள்விக்குப் பதில் இல்லை. ஏனென்றால் நான்கு அலுவலகங்களும் படத்தை எதற்காக எடுத்தார்களோ அந்தப் பெயரில்தான் வைத்திருந்தன. 'துறைமுகம்', 'ரயில் யார்டு', 'எண்ணெய்த் தொட்டி'. கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்ட நம் ஆட்களின் தகரக் கூரை எந்த ராணுவத்துக்குக் குறி?

இதைக் கூட்டத்தில் புரியவைக்க முடியவில்லை. அப்போது எனக்கு உதவியது இந்த நாட்டு விமானப்படையின் 60-ஆம் ஸ்குவாட்ரன். 1944 ஏப்ரல் 4 அன்று அதன் மஸ்கிட்டோ விமானம் ஒன்று இத்தாலியின் ஃபோஜா பகுதியிலிருந்து கிளம்பி, போலந்தில் மோனோவிட்ஸ் என்ற இடத்தில் இருந்த ஐஜி ஃபார்பன் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் ஆலையைப் படம் எடுக்கப் போனது. கேமரா ஓடிக்கொண்டே இருந்ததால் பக்கத்தில் இருந்த ஆஷ்விட்ஸ், அதாவது நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த முகாமும் ஃபிலிமில் விழுந்தது. படத்தை ஆராய்ந்தவர்கள் தங்களைக் கேட்ட ஆலையை மட்டும் பார்த்தார்கள். ஃபிலிம் பெட்டிக்குள் போனது. 1978-ல் டினோ புருஜியோனி, ராபர்ட் பொய்ரியர் என்ற இரண்டு சிஐஏ ஆட்கள் உட்கார்ந்து தேடி எடுக்கும்வரை, முப்பத்து நான்கு வருடம், அப்படி ஒரு படம் இருப்பதே யாருக்கும் தெரியாது. படம் தொலையவில்லை. ஆலையின் பெயரில் பத்திரமாக இருந்தது.

இதைச் சொன்னதும் அறை கொஞ்ச நேரம் அமைதியானது. அதற்கப்புறம், படம் எதைப் பற்றியது என்று எழுதும் 'பொருள்' என்ற கட்டத்துக்காக யாரும் சண்டை போடவில்லை. பெயர் என்னவாகவும் இருக்கட்டும், ஒவ்வொரு படமும் தரையில் பிடித்த இடத்தின் நான்கு மூலைகளையும் போடுவது என்று முடிவானது.

கணக்கு சுலபம். லென்ஸின் குவிய தூரம் 36 அங்குலம், அதாவது மூன்று அடி. விமானம் 30,000 அடியில் பறந்தால் படத்தின் அளவு தரையில் பத்தாயிரத்துக்கு ஒன்று. எஃப்52 கேமராவின் ஃபிலிம் எட்டரைக்கு ஏழு அங்குலம், எனவே ஒரு படம் தரையில் சுமார் 2.2 கிலோமீட்டருக்கு 1.8 கிலோமீட்டர் பிடிக்கும். கஷ்டம் என்னவென்றால் விமானம் திரும்பும்போது எடுத்த பிரேம்கள் சாய்ந்திருக்கும், தரையில் அவை பிடிக்கும் இடம் சரிந்த நாற்கோணமாகிவிடும். பொதுவாக அந்தப் பிரேம்களைப் பயனற்றவை என்று யாரும் பட்டியலிடவே மாட்டார்கள். நாங்கள் அவற்றையும் விடாமல் போட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க, கேப்டவுன் மோப்ரேயில் இருக்கும் தேசிய வரைபட அலுவலகத்தின் பழைய வான்படங்கள் கைகொடுத்தன. 1930-களிலிருந்தே அவர்களிடம் படங்கள் உண்டு.

கேட்லாக் ஓட ஆரம்பித்த வாரம் அங்கிளைக் கூப்பிட்டேன். கேட்டோ மேனர் மேல் ஒரு கட்டம் வரைந்து தேடினேன். துறைமுகம் என்று பெயரிட்ட ஒரு சுருளின் கடைசி பிரேம்கள் வந்தன, எல்லாம் விமானம் திரும்பியபோது விழுந்தவை. இரண்டில் மேகம். ஒன்றில் சரிவும் ஓடையும் தெளிவாகத் தெரிந்தன. இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950-ல் வந்து, அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்துவதற்கு முந்தைய படம். அங்கிள் திரையைப் பார்க்கவில்லை. பிரிண்ட் கேட்டார், பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓடையின் வழியே விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இந்த நெழலு மாமரம். அதுக்குப் பக்கத்துல இருக்குறது ஆயா வீடு."

எனக்கு ஒரு சாம்பல் புள்ளிதான் தெரிந்தது. குறிப்புக் கட்டத்தில் அதை எழுதி வைத்தேன். குறிப்பு எழுதினால் யார் சொன்னது என்றும் குறிக்க வேண்டும், அது நாங்களே போட்ட விதி. பட்டியலைத் திறந்தால் பதிவேடு, முத்திரை, ஆய்வாளர் என்று மூன்றுதான் இருந்தன. பேரன் என்று ஒன்றைச் சேர்க்க நான்கு அலுவலகங்களும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த கூட்டம் ஜூலையில்.