அம்மா பிறந்த கோயிலும் மகள் கோயிலும்: ஒன்பது நகரக் கோயில் தரிசனம்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளையைச் செட்டிநாட்டுக்கு அழைத்து வரும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஆச்சிமார் பலர், தங்கள் சமூகத்துக்குரிய ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கார் பேசிவிடுகிறார்கள். பார்க்கலாம்தான். எல்லாம் காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரத்திலேயே இருப்பவை. ஆனால் ஒன்பது வாசலை மிதித்த கணக்கு மட்டுமே மிஞ்சும். இரண்டு நாள் ஒதுக்குங்கள். அதிலும் இரண்டு கோயில்களில் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். ஒன்று, அம்மா பிறந்த கோயில். இன்னொன்று, மகளின் கோயில்.

இரண்டும் பெரும்பாலும் வேறு வேறாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இந்த ஒன்பதில் ஒரு கோயிலுக்கு உரியது. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள். பொதுவாக அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. கல்யாணமானதும் பெண் கணவரின் கோயிலுக்கு உரியவளாகி, அங்கே இருவரும் ஒரு புள்ளியாக (ஒரு குடும்பமாக) கணக்கில் ஏறுகிறார்கள். பிறக்கும் பிள்ளைக்கு அப்பச்சியின் (அப்பாவின்) கோயில்தான். அம்மா பிறந்த கோயில் எது என்பது மகளின் எந்தக் கணக்கிலும் வராது. அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினால்தான் உண்டு. இந்தப் பயணத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கிளம்புமுன் ஒரு தாளில் நான்கு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: இருவரின் கோயில், உட்பிரிவு, நட்சத்திரம், பூர்வீக ஊர். இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழேழு பிரிவுகள், வைரவன்பட்டியிலுள்ள வைரவன் கோயிலுக்கு மூன்று. மற்ற ஆறு கோயில்களுக்கு உட்பிரிவு கிடையாது. இளையாத்தங்குடியில் ஒக்கூருடையாரா, பெருமருதூருடையாரா என்று பிரிவை குருக்கள் கேட்கும்போது அம்மாவும் மகளும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. நட்சத்திரத்திலும் ஒரு சிக்கல் வரும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறந்த நேரத்தை இந்திய நேரம் என்று நினைத்து ஜாதகம் கணித்திருப்பார்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு 2½ மணி முந்தியது. நட்சத்திரம் மாறும் வேளையில் பிறந்திருந்தால், அர்ச்சனையில் சொல்வது பக்கத்து நட்சத்திரமாகிவிடும். ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

திருச்சிக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து நேர் விமானம் உண்டு. அங்கிருந்து காரில் காரைக்குடி வந்து தங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். சித்திரை, வைகாசியில் பிரகாரக் கல் காலைச் சுடும். மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள். நாள் குறிக்கும்போது இருவருக்கும் தூரம் (மாதவிலக்கு) வரும் நாளைக் கணக்கிட்டு ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் மட்டும் வரும் பயணம் பாதியில் நிற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

பிள்ளையார்பட்டியைத் தவிர்த்தால், சிறிய கோயில்களின் வாசலில் அர்ச்சனைக் கடையை நம்ப முடியாது. முதல் நாள் மாலையே காரைக்குடியில் வாங்கிவிடுங்கள். கோயிலுக்கு ஒன்றாக ஒன்பது தேங்காயும், பிள்ளையார்பட்டியில் இரண்டாவது அர்ச்சனைக்கும் வைரவருக்கும் தனியாக இரண்டும், அழுகல் வந்தால் மாற்ற இரண்டும். பதினெட்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சூடம், ஊதுபத்தி, தீபத்துக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர், திரி. பூவை மட்டும் அன்றன்று காலையில் வாங்குங்கள். கட்டிய சரத்தை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கார் வெயிலில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் புழுங்கிக் கறுத்துவிடும். வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி வைத்தால் மதியம் வரை தாங்கும். தட்டில் போட பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் பிள்ளையார்பட்டியில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் சங்கடஹர சதுர்த்தியும் வேண்டாம். வரிசையிலேயே காலைப்பொழுது கரைந்துவிடும். கற்பக விநாயகர் குன்றைக் குடைந்து பாறையிலேயே செதுக்கிய மூர்த்தி, ஏறக்குறைய ஆறடி உயரம், வடக்குப் பார்த்தவர். இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. வெளிச்சத்திலிருந்து குடைவரைக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. அவசரப்படாமல் நின்றால், முதலில் விளக்கின் சுடர், பிறகு கவசத்தின் மினுக்கு, அதன்பின் வயிற்றின் வளைவு என்று பிள்ளையார் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிவார். மகளை முன்னால் விட்டுப் பின்னால் நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய குறை. நகரத்தார் தங்கள் கோயில் என்று வணங்கும் மருதீசரும் வாடாமலர் மங்கையும் இங்கேதான் இருக்கிறார்கள். அங்கேயும் அர்ச்சனை செய்த பிறகுதான் கோயில் கணக்கு நிறையும்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் வைரவன்பட்டி. வளரொளிநாதர், வடிவுடையம்மை. வைரவருக்கென்று ஒரு தேங்காயைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்து கீழச்சிவல்பட்டிப் பக்கம் போனால் இரணியூரும் இளையாத்தங்குடியும். இரணியனை வதைத்த தோஷம் தீர நரசிம்மர் வழிபட்ட தலம் இரணியூர் என்பது தலபுராணம். சுவாமி ஆட்கொண்டநாதர், அம்மன் சிவபுரந்தேவி. ஒன்பதில் சிற்பத்துக்கு முதலிடம் கேட்டால் இரணியூரைத்தான் சொல்ல வேண்டும். அம்மன் சந்நிதி முன் தூண்களில் நிற்கும் துர்க்கைகளின் விரல் நகம், வளையல், கொசுவ மடிப்பு வரை கல்லில் தெரியும். மகளுக்கு இதைக் காட்ட அரை மணி நேரம் வேண்டும். இரணியூர்க் கோயில்காரர்களும் பிள்ளையார்பட்டிக் கோயில்காரர்களும் அண்ணன் தம்பி முறை, இவர்களுக்குள் கல்யாணச் சம்பந்தம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இளையாத்தங்குடி கயிலாசநாதர் கோயில்தான் ஒன்பதுக்கும் மூத்தது. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிய நாட்டுக்கு வந்த நகரத்தாருக்கு முதலில் கிடைத்த கோயில் என்பது மரபு வரலாறு. நித்யகல்யாணி அம்மனிடம் கல்யாணப் பிரார்த்தனை வைப்பது வழக்கம். காஞ்சி மடத்தின் 65-வது ஆச்சாரியாரின் அதிஷ்டானமும் (சமாதியும்) இந்த ஊரில் இருக்கிறது. உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள்; திறக்க மாலை நான்கு, நாலரை ஆகும். ஆகவே காலை 11 மணிக்குள் இங்கே வந்துவிட வேண்டும்.

நடை சாத்திய அந்த நான்கு மணி நேரம் பூர்வீக வீட்டுக்கு. சாவி யாரிடம் என்று இரண்டு வாரம் முன்பே பங்காளிகளைக் கேட்டு வையுங்கள். வீடு பல புள்ளிகளுக்குப் பொது என்பதால் முகப்புச் சாவி ஒருவரிடம், உள்வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கும். பல வருடம் பூட்டிய அறைக்குள் உடனே நுழையாதீர்கள். கதவைத் திறந்துவைத்து, வௌவாலும் தூசியும் அடங்கட்டும். முதலில் சாமி வீட்டில் விளக்கேற்றுங்கள்.

பிறகு பாத்திரங்களைப் பாருங்கள். அண்டாவின் கழுத்தில், வெள்ளிக் கிண்ணத்தின் அடியில், தூக்குச்சட்டியின் மூடியில் விலாசம் (முன்னோர் பெயர்களின் சுருக்கெழுத்து) வெட்டியிருக்கும். ‘சித. பழ. ராம.’ என்று இருந்தால் சிதம்பரம், பழனியப்பன், ராமநாதன் என்று ஒவ்வோர் எழுத்தும் ஒரு தலைமுறை. மகளைக் குனிந்து வாசிக்கச் சொல்லி, அந்தப் பெயர்களை அம்மா விரித்துச் சொல்ல, அவள் கையாலேயே எழுதட்டும். ஐயா, அப்பத்தாவின் பெயர்கள் இப்படித்தான் பிள்ளைகள் மனதில் தங்கும். எழுத்து மங்கியிருந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். விரலால் விபூதியைத் தடவித் துடைத்தாலே வெட்டுக்குள் வெள்ளை நின்று படிக்க வரும். ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுச் சீர்ச்சாமானில் அம்மா வழி விலாசம் வேறாக இருக்கும். அதையும் தேடிப் பாருங்கள்.

மாலை நேமம், ஜெயங்கொண்ட சோழீசுவரர். நேரமும் முழங்காலும் இடம் கொடுத்தால் குன்றக்குடி மலையேறிச் சண்முகநாதரையும் பார்த்துவிடலாம்.

இரண்டாம் நாள் நான்கு கோயில்கள்தான். மாத்தூரும் இலுப்பைக்குடியும் பக்கத்துப் பக்கத்து ஊர். கொங்கணச் சித்தர் ஐந்நூறு மாற்றுப் பொன் செய்த கதையோடு மாத்தூர் ஐந்நூற்றீசர் பெயர் சேர்ந்திருக்கிறது. இலுப்பைக்குடியில் தான்தோன்றீசுவரரோடு சொர்ண பைரவரையும் தரிசிக்கலாம். பிறகு சூரைக்குடி தேசிகநாதர், வேலங்குடி கண்டீசுவரர். கைப்பேசி வரைபடத்தில் ஊர்ப்பெயரை மட்டும் போட வேண்டாம். மாத்தூர் என்று தேடினால் வேறு மாவட்டத்துக்கே வழி காட்டிவிடும். சுவாமி பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒன்பது கோயில் குங்குமத்தையும் விபூதியையும் ஒரே பையில் போட்டால் எது எங்கே வாங்கியது என்று தெரியாமல் போகும். பதினெட்டுச் சிறு காகித உறைகளில் கோயில் பெயரை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள். தேங்காய், பழத்தை ஊரிலேயே உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புகிறவர்கள் பூ, வில்வம், தேங்காய் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். வைத்திருந்து சொல்லாமல் போனால் அபராதமும் உண்டு.