அத்ர குசலம்

ஜனவரி 11
பனிமூட்டம். எதிர் பிளாக்கே தெரியவில்லை. இவர் போன ரயில் ஒன்பது மணி நேரம் லேட். இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் அம்மாவைப் பார்க்க நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

ஜனவரி 13
பையனின் ப்ரீபோர்டு, பொதுத்தேர்வுக்கு முன் ஸ்கூலில் வைக்கும் மாதிரிப் பரீட்சை, சமஸ்கிருத விடைத்தாள் வந்தது. 80க்கு 61. இவர் கிளம்பின அன்றைக்கு எழுதின பரீட்சை. கடிதத்தில் 5க்கு மூன்றரை.

கேள்வி இதுதான்: ஹாஸ்டலில் இருக்கும் மகன் அப்பாவுக்கு எழுதும் கடிதம். பத்து கோடிட்ட இடம், ஒவ்வொன்றுக்கும் அரை மார்க். மஞ்ஜூஷா என்று ஒரு பெட்டி போட்டு பத்து வார்த்தையையும் அதிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எடுத்து இடம் பார்த்து வைக்க வேண்டியதுதான். 'அஹம் அத்ர ____ அஸ்மி.' பெட்டியில் 'குசலீ' இருக்கிறது, நான் இங்கே நலமாக இருக்கிறேன் என்று வர வேண்டும். இவன் 'சிந்திதஹ' என்று எழுதியிருக்கிறான். கவலையாக இருக்கிறேன் என்று. அதைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம்.

ஏன்டா என்றேன். "தெரியலைம்மா, அதுதான் வந்தது." அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜனவரி 14
பொங்கல். பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

ஜனவரி 17
இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்தோம், ஹீட்டர் பக்கத்தில், ரஜாயைப் போர்த்திக்கொண்டு. எனக்கு சமஸ்கிருதம் தெரியாது. தமிழ் மீடியம். ஆனால் இவன் புத்தகத்தில் விபக்தி, அதாவது வேற்றுமை, அட்டவணையைப் பார்த்ததும் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வாய் தானாகச் சொல்லிற்று. அதே வரிசை! 'ஸஹ' என்று வந்தால் அதன் கூட வரும் வார்த்தை மூன்றாம் வேற்றுமையில் இருக்க வேண்டும்; நம் 'ஓடு' போல. 'நமஹ' வந்தால் நான்காவது, 'கு'. பித்ரா ஸஹ, அப்பாவோடு. பித்ரே நமஹ, அப்பாவுக்கு வணக்கம். இவ்வளவு நாள் இவன் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தது எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்த விஷயம். சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

வைத்த வார்த்தையை உடனே பெட்டியில் பென்சிலால் அடித்துவிடச் சொன்னேன். கடைசியில் மீதி இருக்கும் வார்த்தை தானே தன் இடத்தைக் காட்டிவிடும்.

பித்ரா ஸஹ.

ஜனவரி 20
போன் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துவிட்டேன்.

ஜனவரி 21
சார்ஜ் இல்லையாம். வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அதை ஒரு மெசேஜில் சொன்னால் என்ன? கோபமாகப் பேசிவிட்டேன். அவர் குரல் கம்மியிருந்தது.

ஜனவரி 23
ரஜாய் உறை தேடினபோது டிரங்குப் பெட்டியில் மாமனாரின் பழைய இன்லண்ட் லெட்டர் கிடைத்தது. நீலம் வெளுத்து மடிப்பில் கிழிந்திருக்கிறது. முதல் வரி, 'இங்கு அனைவரும் நலம். அங்கு நலமறிய அவா.' மடித்து ஒட்டுகிற ஓரத்தில் மாமியார் கையெழுத்து, பென்சிலில், கோணலாக: 'சளிக்கு மிளகு போடு.' இவனிடம் காட்டினேன். "அத்ர குசலம் தத்ராஸ்து" என்றான் உடனே. அங்கேயும் அப்படியே இருக்கட்டும். பாட்டியின் வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தான்.

ஜனவரி 26
'பவான்', தாங்கள், என்று போட்டால் 'கச்சதி', போகிறார்தான்; 'கச்சஸி', போகிறாய் இல்லை. நான்கு தடவை தப்பு. எதிரில் இருப்பவரைத்தான் சொல்கிறோம், வினை மட்டும் படர்க்கையில் போகிறது. ஐந்தாவது தடவை நான் கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

ஜனவரி 27
ஒரு தாளைத் தனியாக வைத்து எழுதிக்கொண்டிருந்தான். கோடிட்ட இடம் இல்லை, பெட்டியும் இல்லை. மேலே 'பரீக்ஷாபவனதஹ', பரீட்சை ஹாலிலிருந்து, என்று எழுதி, அதை அடித்துவிட்டு எங்கள் ஃபிளாட் நம்பரைப் போட்டிருந்தான். நான் பார்த்ததும் கையால் மறைத்துக்கொண்டான்.

ஜனவரி 28
நாளை பத்து மணிக்கு டாக்டர் பேசுவாராம். பழைய வினாத்தாள் ஒன்று எடுத்து வைத்திருக்கிறான். மகள் எழுதும் கடிதம். அதனால் 'குசலினீ' என்று வர வேண்டும்.