17-ம் நம்பர் போர்ட்

ஆபீஸுக்குப் புது வைஃபை போடும் வேலை என் தலையில் விழுந்தது. வைஃபை சிக்னலைப் பரப்பும் 4 ஆக்சஸ் பாயின்ட் பெட்டிகள், வந்து போகிறவர்களுக்குத் தனி நெட்வொர்க், டபிள்யூபிஏ3 என்ற புதுப் பாதுகாப்பு முறை, 20 எழுத்துப் பாஸ்வேர்ட் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்றது. வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். அதனால் நாலாவது பெட்டியில் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடட்டும் என்று விட்டேன். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, புதையல் தேடுகிறவன் மாதிரி மூலை மூலையாக நடந்து பார்த்தேன். எங்கே நின்றாலும் சிக்னல் பிரமாதம். ஆளில்லாத ஆபீஸில் எதுதான் பிரமாதமாக இருக்காது!

திங்கட்கிழமை காலை ஒவ்வொருவரிடமும் பாஸ்வேர்டை ரகசியமாகச் சொன்னேன். 11 மணிக்குப் போய்ப் பார்த்தால் மீட்டிங் ரூம் போர்டில் கொட்டை எழுத்தில் அது இருக்கிறது. பக்கத்திலேயே 'தயவுசெய்து அழிக்க வேண்டாம்'. அடிக்கோடு வேறு.

சரி, அதை மாற்றிவிடலாம். புதன்கிழமை வந்ததுதான் நிஜமான வினை. பாதிப் பேருக்கு நெட் வருகிறது, பாதிப் பேருக்கு இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் வராதவருக்கு வருகிறது, வந்தவருக்குப் போய்விடுகிறது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் ஒரு லேப்டாப்பின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கப்படும் எண்ணை, பார்த்தேன். எங்கள் ஆபீஸில் எல்லாமே 10-ல் தொடங்கும். இதில் 192.168.1.14. நான் கொடுக்காத முகவரியை யாரோ தாராளமாக வழங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

அதை வழங்குகிற பெட்டியின் முகவரி 192.168.1.1. அதன் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, எடுத்து, ஆபீஸ் கேபிளெல்லாம் வந்து சேரும் ஸ்விட்சில் தேடினால் 17-ம் நம்பர் போர்ட், அதாவது 17-வது துளை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். கணக்குப் பிரிவில், மூத்த கணக்காளர் மேஜைக்கடியில் போய் நின்றது. கால் வைக்கும் பலகைக்குப் பின்னால் பழுப்பேறிய ஒரு வீட்டு ரவுட்டர், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கேபிளை, நெட் உள்ளே வரும் துளையில் செருகாமல், முகவரி கொடுக்கும் லேன் துளையில் செருகியிருந்தார். அதனால்தான் அது ஆபீஸ் முழுக்க முகவரி தானம் செய்திருக்கிறது. அதன் வைஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. அதன் செட்டிங்கில் நுழையவும் பெயருக்கு ஒன்று, பாஸ்வேர்டுக்கு ஒன்று என்று admin-ஐ இரண்டு தடவை அடித்தால் போதும். நான் வாசலுக்கு நாலு பூட்டுப் போட்டுக்கொண்டிருக்க, கொல்லைக் கதவு 3 நாளாக ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது.

"என்ன சார் இது?"

"உங்க வைஃபை இங்க வரல தம்பி. வீட்டுல சும்மா கிடந்தது, கொண்டு வந்தேன். இப்ப ஜோரா வருது."

கோபமாகத்தான் போனை எடுத்துச் சிக்னலை அளந்தேன். மைனஸ் 82. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. நான் அளந்த அன்று இல்லாத ஒரு இரும்பு பீரோ, சுவரில் இருந்த அந்த நாலாவது ஆக்சஸ் பாயின்ட்டை மறைத்துக்கொண்டு நின்றது. 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டி எங்கே வரும்? ஆக்சஸ் பாயின்ட்டை இரண்டு மீட்டர் தள்ளி மேலே மாட்டினேன். மைனஸ் 58. பெருமையாகக் காட்டினேன்.

"ரெண்டுமே நஷ்டம்தானே?" என்றார் கணக்காளர்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவலைப் போட்டேன். வெளிப் பெட்டி எதுவும் இனி முகவரி கொடுக்க முடியாது. அதோடு போர்ட் செக்யூரிட்டியும் போட்டு, அந்தந்த மேஜைக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதைச் செருகினாலும் போர்ட் தானாக மூடிக்கொள்ளும்படி வைத்தேன். அப்புறம் கணக்குப் பிரிவுக்குப் போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் கேபிளை உருவி என் லேப்டாப்பில் செருகினேன்.

17-ம் நம்பர் போர்ட் மூடிக்கொண்டது.

கேபிளைத் திரும்ப அவர் கம்ப்யூட்டரிலேயே செருகிப் பார்த்தேன். ம்ஹும். மூடிய போர்ட்டைத் திறக்க நான் எழுந்து ஸ்விட்ச் அறைக்குக் கிளம்ப, பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, என் பெட்டி இருந்தவரைக்கும் நெட் வந்துட்டுதான் இருந்தது."