இரண்டாவது தோல்வி வரைக்கும்

எங்கள் பக்கத்து மென்பந்துச் சுற்றுப்போட்டி நோட்டீஸில் "விலகல் முறை" என்ற வரி தவறாமல் இருக்கும். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, எங்கே நடந்தாலும் இதுதான். காலபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியவே பட்டா லொறியில் ஏறிப் போய், குலுக்கலில் பலமான ரீமோடு மாட்டுப்பட்டு, காலை ஒன்பது மணிக்கே தோற்று, கொண்டுபோன சோற்றுப் பார்சலை மற்றவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற கழகங்கள் எத்தனை! எனக்கு அந்த முறையில் நெடுநாள் கடுப்பு. அதனால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழக பேஸ்போலில் ஒருதரம் தோற்றவனை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று கேள்விப்பட்டதும் கிண்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

பேஸ்போல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியிருந்தால் பாதி விளங்கும். அடி, ஓடு, சுற்றி வா. ஆனால் இங்கே ஆட்டமே பந்தெறிபவரின் கையில்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மட்டத்தில் ஒரு அணியின் முதன்மைப் பந்தெறிபவர் வாரத்துக்கு ஒரு ஆட்டம் எறிந்தால் அவ்வளவுதான், அதற்குமேல் தோள் தாங்காது. பின்னால் வருகிற எல்லாச் சண்டைக்கும் காரணம் இந்தத் தோள்தான்.

நான் பார்த்தது எஸ்.ஈ.சி. என்கிற கூட்டின் சுற்றுப்போட்டியை. அலபாமா, மிசிசிப்பி, லூசியானா பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டு அது. 1977இல் மிசிசிப்பி மாநிலத்து ஒக்ஸ்போர்ட்டில் நான்கே நான்கு அணிகளோடு தொடங்கியது, சொந்த ஊர்க்காரரான ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பிப் பல்கலைக்கழகம், கிண்ணத்தை எடுத்தார்கள். இரட்டைத் தோல்வி முறை: முதல் தோல்வியோடு, தோற்றவர்கள் தங்களுக்குள் மோதுகிற தோற்றவர் பக்கம் போவாய், இரண்டாவது தோல்வியோடுதான் வெளியே. நான்கு அணிக்கு 6 அல்லது 7 ஆட்டம், அழகான கணக்கு.

கூட்டு பெருக்கப் பெருக்கத்தான் தலையிடி. 1992இல் ஆர்கன்சோவும் தென் கரோலினாவும் சேர்ந்து 12 ஆனதும், 1993 தொடக்கம் 1995 வரை கிழக்குக்கு ஒன்று மேற்குக்கு ஒன்று என்று இரண்டு சுற்றுப்போட்டி வைத்தார்கள். மூன்று வருடம் முழுக் கூட்டுக்கும் ஒரே கிண்ணம் என்று ஒன்று இல்லை, இது என்ன விளையாட்டோ! 1996இல் திரும்ப ஒன்றாக்கி, 1998இலிருந்து அலபாமாவின் ஹூவர் மைதானத்தில் நிரந்தரமாகக் குந்திவிட்டார்கள். மைக்கேல் ஜோர்டன் கூடைப்பந்தை விட்டுவிட்டு 1994இல் பேர்மிங்ஹாம் பரன்ஸ் அணிக்கு பேஸ்போல் விளையாடினாரே, அவருடைய சொந்த மைதானமும் இதேதான்.

சரி, இரட்டைத் தோல்வி முறையில் என்ன குறை? தோற்றவர் பக்கம் போனவன் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஆடவேண்டும், நல்ல பந்தெறி கையெல்லாம் முதல் இரண்டு மூன்று நாளிலேயே முடிந்துவிடும், கடைசியில் எறிவது யாரோ முதலாம் வருடப் பெடியன். அதைவிட மோசம், 1999இலிருந்து தேசியப் போட்டிக்கு 64 அணிகள் போகலாம். எஸ்.ஈ.சி.யில் வென்றவருக்கு நேரடி இடம் இருந்தாலும், பலமான அணிகளைத் தெரிவுக்குழு எப்படியும் எடுத்துவிடும். அதனால் பயிற்சியாளர்கள் தங்கள் சிறந்த கையை இங்கே விரயமாக்க விரும்புவதில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று பெரிய அணி நினைக்கிற சுற்றுப்போட்டி எனக்கு ஒரு மாதிரித்தான் படுகிறது.

2013இல் 12 அணிகள் ஆடியபோது முதல் நாள் விலகல் முறை, நடுவில் இரட்டைத் தோல்வி, அரையிறுதியில் திரும்ப விலகல் முறை என்று கொத்துரொட்டி மாதிரிக் கலந்து அடித்தார்கள். 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. பிறகு டெக்சாசும் ஒக்லஹோமாவும் வந்து 16 ஆனதும், 2025இல் எல்லோரையும் உள்ளே எடுத்து முழுக்க விலகல் முறைக்கே போய்விட்டார்கள். முதல் நான்கு இடக்காரர் நேரே காலிறுதி. கூட்டுக்குள் ஆடிய 30 ஆட்டங்களில் 3ஐ மட்டும் வென்ற மிசூரிக்கும் அந்த வருடம் ஒரு இடம்!

காரணம் விளங்காமல் இல்லை. 8 அணிக்கு விலகல் முறை என்றால் 7 ஆட்டம், இரட்டைத் தோல்வி என்றால் 14 அல்லது 15. ஒரு மைதானம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுதுபட்டால் லைட் இல்லை என்று நிற்கிற எங்கள் கழகங்களுக்கு இது சரியான சாட்டு. மைதானமும் காசும் ஒரு கிழமை நாளும் வைத்திருக்கிற ஹூவர்க்காரருக்கு? நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அந்த 2025ஐயே எடுங்கள். இறுதியில் வண்டர்பில்ட் ஓல் மிஸ்ஸை 3-2 என்று வென்றது. எல்.எஸ்.யூ. என்கிற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அரையிறுதியில் தோற்று ஒரே அடியாக வெளியே. ஆனால் தேசியப் போட்டியின் முதல் கட்டம் இன்னமும் இரட்டைத் தோல்வி முறைதான். அங்கே முதலாம் தரநிலையில் இருந்த வண்டர்பில்ட், சொந்த மைதானத்திலேயே இரண்டு தரம் தோற்றுக் கிளம்பியது. எல்.எஸ்.யூ.வும் ஆர்கன்சோ மாநிலத்து லிட்டில் ராக் பல்கலைக்கழகத்திடம் 10-4 என்று அடி வாங்கியது. வெற்றியைவிடத் தோல்வி கூடிய சீசனோடு, தன் கூட்டின் சுற்றுப்போட்டியை வென்றதால் மட்டும் உள்ளே வந்த அணி அது! மறுநாள் அதே அணியை 10-6 என்று வென்ற எல்.எஸ்.யூ. பிறகு தேசியப் போட்டியின் கடைசிக் கட்டம் நடக்கிற ஒமாஹாவுக்குப் போய் தேசியக் கிண்ணத்தையே தூக்கியது.