பெடலை மிதித்துப் பார்த்து வாங்கிய கணினி

பியானோவின் வலது பெடலை மிதித்துக்கொண்டு, அடிஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒலி நிற்காது. மெல்ல மெல்லத் தேய்ந்து, எப்போது முடிந்தது என்று சொல்ல முடியாதபடி முடியும். ஒன்பதாம் வகுப்பில் பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்தபோது, விடுதிக் கூடத்தில் கிடந்த பழைய பியானோவில் அதை முதன்முதலாகக் கேட்டேன். எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கம். ஊர்க் கோயிலில் இருந்தது காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம். அதில் கட்டையை விட்டால் சத்தமும் போய்விடும். கையை எடுத்த பிறகும் ஒலிக்கிற வாத்தியம் ஒன்று உண்டு என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய செய்தி.

மின்வாரியத்தில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், சமாதானபுரத்து வீட்டில் யமஹா பி-45 என்ற மின்னணுப் பியானோ ஒன்று வாங்கி வைத்தேன். 88 கட்டைகள். விரலுக்குத் தெரியும் கனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளிருந்து வரும் ஒலியில் அந்தத் தேய்வு கிடைக்கவில்லை. அதில் ஒரே நேரத்தில் 64 குரல்களுக்குத்தான் இடம். பெடலை மிதித்தபடி நீளமாக வாசித்தால், புதிய சுரத்துக்கு இடம் விட்டுப் பழைய சுரம் ஒன்று நடுவிலேயே மறைந்துவிடும். எங்கள் பாடகர் குழுவில் உள்ள தம்பி ஒருவன்தான் வழி சொன்னான்: "அண்ணாச்சி, யு.எஸ்.பி கேபிளில் கணினியோடு இணைத்துவிடுங்கள். கட்டை யமஹாவுடையதாக இருக்கட்டும், ஒலி கணினியிலிருந்து வரட்டும்."

உறவினர் வீட்டில் சும்மா கிடந்த மடிக்கணினியை வாங்கி வந்தேன். இன்டெல் நான்காம் தலைமுறை, 4 ஜி.பி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். தனித்தனிச் சுரங்கள் அழகாக வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெடலை மிதித்து இரண்டு கையாலும் ஒரு கீர்த்தனை வாசித்தேன். இரண்டாவது அடியிலேயே எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோல் படபடவென்று வெடித்தது. அன்றிரவு முழுவதும் ஏன் என்று தேடிப் படித்தேன். அதன்பின் நான்கு மாதம் பழைய கணினிகளைப் பார்த்துத் திரிந்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மென்பொருள் பியானோக்களில் இரண்டு இனம் உண்டு. முதலில் அதை முடிவு செய்யாமல் கணினி தேடுவது வீண். ஒன்று, உண்மையான பியானோவின் ஒலியைப் பல அழுத்தங்களில் பதிவு செய்து அடுக்கி வைத்திருப்பது. இலவசமாகக் கிடைக்கும் சாலமாண்டர் யமஹா சி5 பியானோவின் பதிவு. மென்மையிலிருந்து வன்மை வரை 16 அடுக்குகள். விலைக்கு வருபவை மிகப் பெரியவை. கீஸ்கேப் மட்டும் 77 ஜி.பி. இவை ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்கும்போதே டிஸ்க்கிலிருந்து எடுக்கும். ஆகவே சுழலும் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி கட்டாயம், ரேம் 16 ஜி.பி இருப்பது நல்லது. இன்னொரு இனத்தில் பதிவே கிடையாது. பிரான்சின் மோடார்ட் நிறுவனம் 2006 முதல் வெளியிடும் பியானோடெக் அப்படிப்பட்டது. சுத்தி தந்தியைத் தொடுவது, தந்தி அதிர்வது, பலகை முழங்குவது எல்லாவற்றையும் அந்தந்த நொடியில் கணக்கிட்டு ஒலியாக்குகிறது. மென்பொருளின் அளவு சுமார் 50 எம்.பி. டிஸ்க்கும் ரேமும் அதற்குப் பொருட்டல்ல. பிராசஸர்தான் உழைக்க வேண்டும். நான் தேடிய தேய்வு எனக்கு இதில் கிடைத்தது. பதிவுப் பியானோவைப் பெரிதும் விரும்புகிறவர்கள் உண்டு, அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

படபடப்பு ஏன் வருகிறது? எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்தில் கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மாடு இழுக்கும் சால், அதாவது இறைக்கும் வாளி, ஒன்றின் தண்ணீர் வாய்க்காலில் ஓடி முடிவதற்குள் அடுத்த சால் வந்து கொட்ட வேண்டும். கணினியும் ஒலியைச் சால் சாலாகத்தான் அனுப்புகிறது. அந்தச் சாலின் பெயர் பஃபர். ஒலியை நொடிக்கு 48,000 துளிகளாக நறுக்குவதாக வைத்தால், 128 துளிகள் கொண்ட சால் ஒன்று 2.7 மில்லி நொடியில் தீர்ந்துவிடும். 1024 என்று பெரிதாக வைத்தால் 21 மில்லி நொடி. கணினிக்கு ஓய்வு கிடைக்கும், ஆனால் கட்டையைத் தட்டிய பிறகு ஒலி பிந்தி வருவது விரலுக்குத் தெரிந்துவிடும். மொத்தத் தாமதம் 10 மில்லி நொடிக்குள் இருந்தால் என்னால் வாசிக்க முடிகிறது. 10 மில்லி நொடியில் ஒலி காற்றில் செல்லும் தூரம் ஏறக்குறைய 3.4 மீட்டர், ஆர்மோனியத்துக்கு இரண்டு மூன்று வரிசை தள்ளி நிற்பவருக்கு அது போய்ச் சேரும் நேரம்.

கடைக்காரர்கள் சொல்லும் வேகமெல்லாம் நாள் முழுவதும் எத்தனை சால் இறைத்தது என்ற கணக்கு. நமக்கு அது உதவாது. ஒரு சால் பிந்தினாலும் வாய்க்கால் அறுந்துவிடும். கணினி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட, மிக மோசமான நொடியிலும் தவறாமல் வருமா என்பதே கேள்வி.

இதைக் கடையில் சோதிப்பது எப்படி? பி-45 பதினொன்றரை கிலோ; கடை கடையாகத் தூக்க முடியாது. அப்போது ஒரு யோசனை தோன்றியது. மிடி கோப்பில் ஒலி இருக்காது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வலுவாக அழுத்தினோம், பெடலை எப்போது மிதித்தோம் என்பது மட்டும் இருக்கும். சில கே.பி.தான் அளவு. வீட்டில் பெடலை எடுக்காமல் நான்கு நிமிடம், இரண்டு கைகளாலும் அடிஸ்தாயியிலிருந்து மேலே வரை நிரப்பி வாசித்து அதைப் பதிவு செய்தேன். பென் டிரைவில் அந்தக் கோப்பு, பியானோடெக்கின் சோதனைப் பதிப்பு (சில கட்டைகள் ஒலிக்காது, 20 நிமிடத்தில் நின்றுவிடும், சோதிக்க அது போதும்), தாமதத்தை அளக்கும் லேட்டன்சிமான், டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. கையில் ஹெட்போன். என் விரல்களே எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி வாசித்தன. மாறியது கணினி மட்டும்.

சித்திரை வெயில் கொளுத்திய நாட்கள் அவை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்திலும் வண்ணார்பேட்டையிலும் ஐந்து கணினிகளில் அந்தக் கோப்பை ஓட்டினேன்.

முதல் கடையில் இன்டெல் பிராசஸரின் "ஐ7" என்ற ஒட்டுத்தாளைக் காட்டினார்கள். ஐந்தாம் தலைமுறை, பெயருக்குப் பின்னால் யு என்ற எழுத்து. அந்தக் காலத்து யு வகை ஐ7களில் இரண்டே கோர், அதாவது பிராசஸருக்குள் கணக்குப் போடும் மூளை இரண்டே. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையில்தான் ஐ5-8250யு போன்றவற்றுக்கு நான்கு கோர் கிடைத்தது. ஐ7 என்ற எண்ணைவிட அதன் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். மூன்றாவது நிமிடத்தில் அது வெடித்தது. விளையாட்டுகளுக்கான ஒரு பெரிய மடிக்கணினி வெடிக்கவே இல்லை. ஆனால் அதன் மின்விசிறி நெல் அரைவை மில்போல் இரைந்தது. மென்மையாக வாசிக்கும் இடத்தில் அந்த இரைச்சலோடு உட்கார என்னால் ஆகாது. அலுவலகத்தில் கழித்த மேசைக் கணினி ஒன்று விலைக்கு மிக நன்றாக இருந்தது. இடமும் யு.பி.எஸ்ஸும் உள்ளவர்கள் அதையே வாங்கலாம், சூட்டையும் அது எளிதாகத் தாங்கும். விசிறியே இல்லாத 2020-ஆம் ஆண்டு ஆப்பிள் எம்1 மேக்புக் ஏரில் கோப்பு ஓடியபோது எனக்கு ஏக்கமே வந்தது. ஒலிக்கென்று தனி டிரைவர் (கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) எதுவும் இல்லாமலேயே தாமதம் குறைவு. ஆனால் ரேமைக் கூட்ட முடியாது, விலையும் என் கைக்கு எட்டவில்லை.

ஐந்தாவது ஒரு திங்க்பேட் டி480. ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜி.பி ரேம், 256 ஜி.பி எஸ்.எஸ்.டி. கோப்பு இரண்டு முறை முழுதாக ஓடியது. மூன்றாம் முறை ஒரே ஒரு "டிக்". லேட்டன்சிமானைத் திறந்தால் சிவப்புக் கோடு. காரணம் வைஃபை டிரைவர். வைஃபையை அணைத்ததும் பச்சைக்கு வந்தது. பியானோ வாசிக்கும்போது வைஃபை எதற்கு? கணினியின் பவர் செட்டிங்கை முழுத் திறனுக்கு மாற்றி அரை மணி நேரம் ஓடவிட்டேன். இந்த ஊர் வெயிலில் அரை மணி முக்கியம். உள்ளே பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் பேஸ்ட் காய்ந்து தூசி அடைத்த கணினி பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "பாட்டுக் கேட்கவா கணினி வாங்குகிறீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்ட கடைக்காரத் தம்பியிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். அவர் கோப்பு முடியும்வரை கேட்டார். அதன் பிறகு முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். 17,500 ரூபாய் பேசினோம்.

அந்த மூன்று நாளைக் கேட்டு வாங்குங்கள். கடையில் தெரியாத ஒன்று வீட்டில் தெரிந்தது. சார்ஜரைச் செருகினால் ஹெட்போனில் மெல்லிய சீழ்க்கை ஒலி, பிடுங்கினால் இல்லை. கணினியின் கோளாறு என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் என் தொழில் புத்தி எர்த்தைப் பார்க்கச் சொன்னது. வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி எலும்புபோல் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் சீழ்க்கை பாதிக்குமேல் குறைந்துவிட்டது. எத்தனை வீடுகளில் மூன்றாவது பின் வெறும் அலங்காரமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உயிரைக் காக்கும் கம்பி அது, இசைக்காக இல்லாவிட்டாலும் சரி பாருங்கள். மிச்சமிருந்த சீழ்க்கைக்கு பேட்டரியில் ஓட்டுவதே மருந்து. டி480-க்கு உள்ளே ஒன்றும் பின்னால் கழற்றக்கூடிய ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தபோது பின்பக்கத்தது பாதிக்கும் கீழே இருந்தது. அதைச் சொல்லி 1,000 ரூபாய் குறைத்தேன்.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதனால் ஏழாம் தலைமுறைக் கணினிகள் மலிவாகக் கடைகளுக்கு வருகின்றன. பியானோவுக்கு மட்டும், இணையமே இல்லாமல் வைத்துக்கொள்வதானால், நான்கு கோர் உள்ளதாகப் பார்த்து எடுக்கலாம். பியானோடெக் லினக்ஸிலும் ஓடும்.

இப்போது பஃபர் 128-இல் நிற்கிறது. ஒலி வெளியே போவது யு.எஸ்.பியில் இணைக்கும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கணினியின் ஒலியை ஹெட்போனுக்குத் தரும் பெட்டி வழியாக. பி-45-இன் யு.எஸ்.பி கட்டை அழுத்திய செய்தியை மட்டும்தான் அனுப்பும், ஒலியைக் கொண்டுபோகாது. அதன் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஹெட்போனை இன்டர்ஃபேஸில் செருகிக்கொள்கிறேன். இரவு பதினொரு மணிக்குமேல் வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்பது கட்டைகளின் டக்டக் மட்டும்.

பாடகர் குழுத் தம்பியின் தங்கை பியானோ கற்கத் தொடங்கியிருக்கிறாள். பென் டிரைவ் இப்போது அவனிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை இருவரும் வண்ணார்பேட்டைக்குப் போகிறோம். ஹெட்போனை நான் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.