தட்டின் வயது

1982ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டம் சென்னைக்கும் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அம்மா எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் அலுமினியத் தட்டு ஒன்று வாங்கி, விளிம்பில் என் பெயரை வெட்டித் தரச் சொன்னார். கடைக்காரர் உளியைத் தட்டத் தட்டப் புள்ளி புள்ளியாக என் பெயர் எழுந்தது. வீடு வந்து சேரும்வரை அதை விரலால் தடவிக்கொண்டே நடந்தேன்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம், தட்டை ஏந்தி வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு பக்கம் என்று வகுப்பு தானாகவே பிரிந்தது. "தட்டுக்காரர்கள்" என்று எங்களுக்குப் பெயர் விழுந்தது. ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் தட்டைச் செய்தித்தாளில் சுற்றி, பையில் புத்தகங்களுக்கு அடியில் மறைத்து வைக்கப் பழகிவிட்டேன். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் அந்த வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள். நம் பள்ளியின் பழைய மாணவர்கள் இங்கே டொரண்டோவில் ஆண்டுதோறும் கூடுகிறோம், அந்த வரிசையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதனால்தான் மலருக்கு எழுதக் கேட்டபோது இதை எழுதுவதென்று முடிவு செய்தேன்.

ஏழாம் வகுப்பில் நம் தமிழ் ஐயா எங்களைச் சென்னை மாநகராட்சியின் தலைமையிடமான ரிப்பன் மாளிகைக்கு அழைத்துச் சென்றார். பஸ்ஸில் போய் சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து, அந்த வெள்ளை மாளிகையின் முன் போய் நின்றோம். அங்கே தலைப்பாகையோடு ஒரு சிலை. "யார் இவர், சொல்லுங்கள்" என்றார் ஐயா. "மேயர், ஐயா" என்றான் ஒருவன். "மேயர் இல்லை, தலைவர். மேயர் என்ற பதவி பிறகு வந்தது. ஆனால் எந்த மேயருக்கும் குறைந்தவர் இல்லை" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "பள்ளியில் மதியம் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள்."

தயங்கித் தயங்கித் தூக்கினோம். ஐயா எங்களை மட்டும் முன்னால் வரச் சொன்னார். "உங்கள் தட்டுக்கு என்ன வயது தெரியுமா? அறுபத்தாறு. அதை முதலில் பிள்ளைகள் கையில் கொடுத்த மனிதர் இவர்."

அவர்தான் பிட்டி தியாகராயர். பாண்டி பஜாரில் துணி வாங்கப் போகிறவர்கள் தினமும் உச்சரிக்கும் தியாகராய நகரின் தியாகராயர்.

ஐயா சொன்னதையும் பின்னாளில் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். 1852இல் நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அந்தப் பட்டம் நேராக அரசு உத்தியோகத்துக்கு வழி திறக்கும். அவர் தறிக்குத் திரும்பினார். ஏறக்குறைய நூறு தறிகள் அவருக்கு இருந்தன. ஊடு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவைக் கையால் எறிவதற்குப் பதிலாக, கயிற்றை இழுத்தால் நாடா தானே பறந்து போகும் தறியை அவர் பயன்படுத்தினார். நெய்பவருக்கு அதன் அருமை தெரியும். ஒரே நேரத்தில் அகலமும் கூடும், வேகமும் கூடும். என் தாத்தா தறியில் உட்கார்ந்தவர் என்பதால் இந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எப்போதும் வெள்ளை உடைதான் உடுத்தினார், அதனால் வெள்ளுடை வேந்தர் என்ற பெயர் வந்தது. 1922இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோதும் அதே வெள்ளை உடையில்தான் வரவேற்றார்.

1882இல் மாநகராட்சிக்குள் நுழைந்தவர் நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்களின் நிர்வாகமாக. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன் என்ற ஆங்கிலேயர். பின்னாளில் அந்தப் பதவி மறைந்து, அதிகாரிகளே தலைவர்களாக இருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் அதிகாரி அல்லாத தலைவர் தியாகராயர்தான். மேயர் பதவி 1933இல்தான் திரும்பி வந்தது, அப்போது முத்தையா செட்டியார் மேயரானார்.

இனி எங்கள் தட்டுக்கு வருகிறேன். 1920இல் தியாகராயர் தலைமையில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. அந்தப் பிள்ளைகள் ஏழைகள், பள்ளியில் எண்ணிக்கை குறைவதற்கு அதுவே காரணம் என்று அவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். பசியைப் பள்ளிக்கூடத்தின் பிரச்சினையாக ஒரு நகரசபை எழுதி வைத்தது என்பதுதான் எனக்கு இதில் பெரிது. அதுவரை பசி வீட்டுக் கதவுக்கு உள்ளே இருந்த விஷயம், பிச்சைக்கோ அன்னதானத்துக்கோ உரிய விஷயம். ஆயிரம் விளக்கிலிருந்து அது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. இந்தப் பள்ளிகளில் 1922-23இல் 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924-25இல் 1,671 பேர்.

அதே 1920இல்தான் இன்னொன்றும் நடந்தது. டி.எம். நாயர், நடேச முதலியார் ஆகியோரோடு சேர்ந்து 1916இல் அவர் தொடங்கிய நீதிக்கட்சி, சென்னை மாகாணத்தின் முதல் தேர்தலில் வென்றது. ஆளுநர் வில்லிங்டன் அவரைத்தான் அமைச்சரவை அமைக்க அழைத்தார். வேண்டாம் என்றார். டிசம்பர் 17 அன்று சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார், தியாகராயர் மாநகராட்சியிலேயே இருந்தார். ஐயா இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மாகாணம் கைக்கு வந்தபோதும் விளக்குக் கம்பம், சாக்கடை, குழாய்த் தண்ணீர், பிள்ளைகளின் சிற்றுண்டி இவற்றை விட்டுப் போகவில்லை என்றே ஐயா புரிந்துகொண்டார், நானும் அப்படியே புரிந்துகொள்கிறேன்.

அவரைத் தெய்வமாக்குவது என் எண்ணம் இல்லை. 1921இல் நம் வடசென்னையின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் எடுத்த நிலை ஆதிதிராவிட மக்களைப் புண்படுத்தியது. 1923இல் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு விலகினார். வரிசையில் என்னோடு நின்ற நண்பர்களில் புளியந்தோப்பில் உறவினர் உள்ளவர்கள் இருந்தார்கள். அவர்கள் இதைப் படிக்கும்போது நான் இதை விட்டுவிட்டு எழுதினேன் என்று நினைக்கக் கூடாது.

சிற்றுண்டித் திட்டம் நீடிக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் 1 அன்று அது நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார். பிறகு 1950களில் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுபோனார், எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். நான் பத்தாம் வகுப்புக்கு வரும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முட்டையும் வந்தது. முட்டை நாளன்று டப்பாக்காரர்களும் எங்கள் தட்டை எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

அன்று ரிப்பன் மாளிகையிலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். செய்தித்தாளைப் பிரித்து எடுத்துக் கசக்கிச் சன்னல் வழியே போட்டேன். மறுநாள் தட்டு வெறுமனே புத்தகங்களோடு உரசிச் சத்தம் எழுப்பியது. அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

கடந்த தை மாதம் ஊருக்குப் போனபோது ஒரு காலை நேரம் நம் பள்ளி வாசலில் நின்றேன். இப்போது காலை உணவும் உண்டு. ஒரு சிறுமி குழாயடியில் தட்டைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட வீசிக்கொண்டே வந்தாள். "இன்றைக்கு என்னம்மா சாப்பாடு?" என்று கேட்டேன். "பொங்கல்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்துவிட்டதால் வகுப்புக்கு ஓடினாள்.