இடப்பக்கம் மட்டும் நின்றுபோன கூரை

எங்களுடையது உள்ளேயே படுத்துத் தூங்கும் முகாம் வண்டி. நிறுத்தியிருக்கும்போது அதன் கூரை மேலே எழும்பும், இடைவெளியைச் சுற்றிக் கூடாரத் துணி இருக்கும். கிளம்பும்முன் கூரையை இறக்கி மூட வேண்டும். மூன்றாம் நாள் காலை ஏரிக்கரை முகாமிலிருந்து கிளம்ப வேண்டும். இரவெல்லாம் மழை. விடியும்போது விட்டிருந்தது, ஆனால் மேற்கே மறுபடியும் மேகம் கூடிக்கொண்டிருந்தது. மேல் படுக்கையைச் சுருட்டிவைத்தோம். ஓட்டுநர் பக்க ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். கூரை கீழே வரும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் கூடாரத் துணி வெளிப்பக்கம் உப்பிக்கொண்டு இடுக்கில் மாட்டும். அப்புறம் கூரையை இறக்கும் பட்டனை அழுத்தினேன்.

மூன்றில் ஒரு பங்கு தூரம் ஒழுங்காக இறங்கியது. பிறகு இடப்பக்கம் பின்தங்கியது. வலப்பக்கம் மட்டும் இறங்க, கூரை சாய்ந்து, 'பீப்' என்ற சத்தத்தோடு எல்லாம் நின்றது.

அந்த நிமிடத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பட்டனை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன். ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி அழுத்தினேன்.

"அக்கா, விடு! துணி மாட்டுது" என்று மேலே பார்த்துக்கொண்டிருந்த தம்பி கத்தினான்.

கூரையைத் தூக்கும் வலப்பக்கக் கையும் அதன் மூட்டும் சேரும் இடத்தில் கூடாரத் துணியின் ஒரு மடிப்பு சிக்கியிருந்தது. நான் முதல் 'பீப்'புக்கே நிறுத்தியிருந்தால் அது சிக்கியிருக்காது. கூரை நின்றுபோனால் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அது நின்றது ஏதோ காரணத்தோடுதான்.

அம்மா கீழே இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். "நேத்தே சொன்னேனே, இடப்பக்கம் சத்தம் வேற மாதிரி இருக்குன்னு" என்றாள். ஆமாம், சொன்னாள். முப்பது வருடம் தையல் மிஷினோடு வாழ்ந்தவள், மோட்டார் திணறினால் அவளுக்குக் கேட்கும். நாங்கள்தான் கூரைமேல் விழும் மழைச் சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் வண்டியின் கூரை எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். பின்பக்கம் கீல், முன்பக்கம் எழும்பும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பன்னிரண்டு வோல்ட் மோட்டார். ஒவ்வொன்றும் ஒரு மரைத்தண்டை, அதாவது திருகாணிபோல் மரை வெட்டிய தண்டைச் சுழற்ற, தண்டு நீண்டு கையைத் தள்ளுகிறது. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதை உள்ளே இருக்கும் ஒரு சிறிய காந்த சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று கட்டுப்பாட்டுப் பெட்டி பார்க்கும். ஒரு பக்கம் அதிகம் பின்தங்கினால் கூரை முறுக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் நிறுத்திவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான். மரைத்தண்டில் ஒரு நல்ல குணம், மோட்டாருக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் கூரையின் எடை அதைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. நின்ற இடத்தில் நிற்கும்.

எல்லா வண்டியிலும் இப்படி இல்லை. 2003-ல் வந்த வோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா வகையில் மின்சாரப் பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தி இரண்டு ஹைட்ராலிக் தண்டுகளைத் தள்ளும். அந்த மாதிரிக் கூரையை அவசரத்தில் இறக்க ஒரு வால்வைத் திறந்துவிட வேண்டும், எண்ணெய் திரும்பிப் போகப்போகக் கூரை தன் எடையில் இறங்கும். உங்களுடையது எந்த வகை என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். வீட்டில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைப் படித்து, ஒருமுறை கையால் இறக்கியும் பாருங்கள். நான் படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை.

தம்பிக்கு ஒரு யோசனை தோன்றியது. சரக்குக் கட்டும் பட்டையைக் கூரைமேல் போட்டு இறுக்கி, மெதுவாக ஓட்டி அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டரில் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமம். வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் கால்வாசியாகும், 40-ல் ஏழரைக் கிலோ. அதைத் தாங்கலாம் போலத்தான் தெரிகிறது. ஆனால் எங்கள் கூரை முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது, சாய்ந்தும் இருந்தது. எதிரே ஒரு லாரி வேகமாகக் கடந்தால், மலைத் திருப்பத்தில் பக்கக் காற்று ஒன்று அடித்தால், அதெல்லாம் ஒற்றை மூட்டில்தான் போய் இறங்கும். பின்னால் வருகிறவர்கள்மேல் அந்தக் கூரை போய் விழுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கூரை முழுக்க மூடிப் பூட்டாமல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தோம்.

சரி, கையால் இறக்குவோம். முதல் வேலையாகக் கூரையின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூட்டுகளுக்கு நடுவே விரலை விடப்போகிறோம், யாராவது தெரியாமல் பட்டனைத் தொட்டால் விரல் போய்விடும். மடக்கு மேசையின் காலைக் கழற்றிக் கூரைக்கு முட்டுக்கொடுத்தோம். அதன்பிறகுதான் தம்பி துணியில் கையை வைத்தான். இழுத்தால் கிழியும். அதனால் முதலில் வலப்பக்க மரையைக் கையால் சில சுற்று ஏற்றிவிட்டோம், மூட்டு விரிந்தது, துணி தானாக விடுபட்டது. மிளகு அளவில் ஓர் ஓட்டை மட்டும். அதை ஒட்டுத் துணி கொண்டு அடைத்துக்கொள்ளலாம்.

கையால் சுழற்ற இரண்டு மோட்டாரின் வாலிலும் ரப்பர் மூடிக்குள் அறுகோணக் குழி உண்டு. ஆலன் கீயை அதில் நுழைத்துத் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக்குத் தண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போனது, போக வேண்டியது 24 சென்டிமீட்டர். ஒரு பக்கத்துக்கு எண்பது சுற்று. பெரிய எண் இல்லை, ஆனால் ஒரே பக்கத்தை ஒரேயடியாக இறக்கக் கூடாது. முதலில் முந்தியிருந்த வலப்பக்கத்தை இடப்பக்கத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு தம்பி இடப்பக்கம் ஐந்து சுற்று, நான் வலப்பக்கம் ஐந்து சுற்று என்று மாறி மாறி. எண்ணிக்கையை அம்மா வைத்துக்கொண்டாள். அவரவர் எண்ணியிருந்தால் பாதியில் தப்பியிருக்கும்.

பக்கத்து வண்டிப் பெரியவர் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார் போல. பேட்டரி டிரில்லோடு வந்தார். அதில் அறுகோண முனையைப் பொருத்தினால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும் என்றார். நான் வேண்டாம் என்றேன். கையால் திருப்பும்போது எங்கே இறுகுகிறது என்று மணிக்கட்டுக்குத் தெரியும். டிரில்லுக்குத் தெரியாது, துணி மறுபடி மாட்டினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுவும் சரிதாம்மா, அவசரப்படாதே" என்று சொல்லி டிரில்லை வைத்துவிட்டு, ஏணிமேல் ஏறி வெளியே பிதுங்கும் துணியைச் சுற்றிலும் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார். அவர் வண்டிக் கூரையில் மோட்டாரே இல்லை. முதுகைக் கொடுத்துத் தூக்குவார், இரண்டு கொக்கி போடுவார், அவ்வளவுதான். 1950-களின் டார்மொபைல் வண்டிகளில் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும், அதையும் கையால்தான் தூக்கினார்கள். கையால் தூக்கும் கூரைமேல் எனக்கு அன்று பொறாமை வந்தது உண்மை. ஆனால் அம்மாவால் அதைத் தூக்க முடியாது. நாங்கள் இருவரும் நடக்கப் போயிருக்கும்போது அவள் தனியாகக் கூரையைத் திறந்து காற்று வாங்க முடிகிறதே, அதற்காகத்தான் மின்கூரை வாங்கினோம்.

கடைசிப் பத்துச் சுற்று இறுக்கமாக இருந்தது. கூரையைத் தூக்க உதவும் கேஸ் ஸ்ட்ரட்டுகள் (வாயு அடைத்த தண்டுகள்) மூடும்போது எதிர்த்துத் தள்ளும், அதனால் அப்படித்தான் இருக்கும். பெரியவரும் தம்பியும் முன்விளிம்பை அழுத்திப் பிடிக்க, நான் இரண்டு பக்கமும் மாறி மாறி முடித்தேன். பூட்டுக் கொக்கிகள் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்து, கையால் அசைத்தும் பார்த்த பிறகு ஆலன் கீயை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் மழை வந்தது.

காரணத்தை அங்கேயே தேடவில்லை. முதலில் மூடு, பிறகு தேடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிறைய நேரமும் இல்லை. ஈரத் துணியை மடித்து மூடியிருக்கிறோம், இரண்டு நாள் அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்த கறை போகாது. மதியத்துக்குமேல் ஆற்றோரம் வெயிலடிக்கும் ஒரு திடலைப் பார்த்து நிறுத்தினோம்.

ஃபியூஸைத் திரும்பப் போட்டோம். அது போயிருக்கவில்லை, போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே நின்றிருக்கும். பட்டனை அழுத்தும்போது மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சான ரிலே 'டக்' என்று விழுந்தது. பேட்டரியில் மல்டிமீட்டர் 12.4 வோல்ட் காட்டியது, போதும். ஆனால் சும்மா இருக்கும்போது அளப்பதை மட்டும் நம்பக் கூடாது, கோளாறு மின்னோட்டம் ஓடும்போதுதான் வெளியே வரும். தம்பி பட்டனை அழுத்த, கூரை எழும்பத் தொடங்கிய இரண்டு மூன்று நொடிகளில் நான் அளந்தேன். பேட்டரியில் 11.9. வலப்பக்க மோட்டாரில் 11.0. இடப்பக்க மோட்டாரில் 8.3.

நீளமான வயரில் ஒரு வோல்ட் போவது சகஜம். இடப்பக்கத்தில் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்திருந்தது. இந்த வகை மோட்டாரின் வேகம் ஏறக்குறைய வோல்ட்டைப் பொறுத்தது. எட்டு வோல்ட்டில் சுற்றும் மோட்டாரால் பதினொரு வோல்ட்டில் சுற்றும் மோட்டாரோடு எப்படிச் சேர்ந்து நடக்க முடியும்? கூரை எங்கேயும் இறுகிக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் மெதுவாகிவிட்டது, பெட்டி நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். எண்ணெய் போட வேண்டும், மோட்டார் மாற்ற வேண்டும் என்றெல்லாம் காலையில் பேசிக்கொண்டிருந்தோமே, எதுவும் தேவைப்படவில்லை.

தொலைந்த வோல்ட்டைத் தேடிப் போனோம். மீட்டரின் ஒரு முனையை வயரின் தொடக்கத்தில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. இடப்பக்க மேல் அலமாரிக்குப் பின்னால் இருந்த கனெக்டரில் குதித்தது. கழற்றினால் முழுக்கப் பச்சைக் களிம்பு. பழைய செம்புப் பாத்திரத்தில் பார்ப்போமே, அதே பச்சை. உள்ளே இருந்த உலோக முள் (பின்) ஒன்று தொட்டதும் உதிர்ந்தது. மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், அங்கே இருந்த கூடுதல் தடை கால் ஓம்கூட இல்லை. சாதாரணமாக ஓம் அளவில் வைத்து மீட்டரால் பார்த்தால் 'இணைப்பு நன்றாக இருக்கிறது' என்றுதான் காட்டியிருக்கும்.

களிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கலாமா என்று தம்பி கேட்டான். அந்தப் பின்னில் உலோகமே மிச்சமில்லை. வயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புது டெர்மினல் (வயரின் முனைப் பகுதி) வைத்து, அதை இடுக்கியால் நெரித்து இறுக்கி, வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினோம். இடப்பக்கத்தில் இப்போது 10.9.

கையால் இறக்கியதால் பெட்டியின் எண்ணிக்கை குழம்பியிருந்தது. அதைச் சரிசெய்ய, கூரையை முழுக்க மூடி, பட்டனைப் பத்து நொடி விடாமல் பிடிக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. இரண்டு பக்கமும் முட்டி நின்று, நீளமாக ஒரு 'பீப்'. பிறகு திறந்தோம். துணியில் வெயில் பட்டது.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் அம்மா. பயந்து கையை எடுத்தேன். "ஒண்ணும் இல்ல, இன்னொரு தடவை மூடித் திற. சரியா கேட்கல." மூடித் திறந்தேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ம், ரெண்டும் ஒரே மாதிரி ஓடுது."

களிம்பு வந்ததற்குத் தண்ணீர் காரணம், தண்ணீர் வந்த வழி இன்னும் அடைபடவில்லை. அதே இடத்துக்கு நேர் மேலே, வெளியில், வெயில்மறைப்பு மாட்டும் சட்டத்துக்கு அடியில், தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசை காய்ந்து வெடித்திருந்தது. நகத்தை வைத்தால் பெயர்ந்து வந்தது. அன்று இரவுக்கு அகலமான டேப்பை ஒட்டினோம். மறுநாள் காலை பனி ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, பழையதைச் சுரண்டியெடுத்து, துடைத்து, புதுசாக ஒரு கோடு இழுத்தோம். அது ஆறும்வரை ஒரு நாள் அங்கேயே தங்கிவிட்டோம். திட்டத்தில் இல்லாத நாள்தான், ஆனால் ஆறு நன்றாக இருந்தது.